யுத்தத்தில் பணியாற்றிய உங்கள் வீட்டுப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

என் பெரியம்மா போனில் யாருக்காவது ஒரு பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது "ஏபிள், பேக்கர், சார்லி, டாக்" என்று ஆரம்பிப்பார். நான் 1979இல் வேலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். எனக்குத் தெரிந்த வரிசை "ஆல்ஃபா, பிராவோ". மிஷன் பள்ளியில் படித்தவர், அங்கே யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். பெரியம்மா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, சேலைகளுக்கு அடியில் ஒரு போட்டோ இருந்தது. ஆறு பெண்கள், எல்லோரும் காக்கிப் புடவை, தோளில் பட்டை. இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் என் பெரியம்மா.

"ஏபிள், பேக்கர்" என்பது இரண்டாம் உலகப்போரில் படைகள் பயன்படுத்திய எழுத்து வரிசை. "ஆல்ஃபா, பிராவோ" 1956இல்தான் அதன் இடத்துக்கு வந்தது. அதாவது பெரியம்மா யுத்தத்தில் வேலை பார்த்ததற்கான சாட்சி இருபது வருடத்துக்கு மேலாக என் காதிலேயே விழுந்துகொண்டிருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. அதன் பிறகு மூன்று வருடம் அலைந்து கொஞ்சம் கண்டுபிடித்தேன். அந்த அலைச்சலில் கற்றதை, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பாட்டியோ அத்தையோ இருந்திருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பட்டாளம் என்பது புதிய விஷயம் இல்லை. கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருப்பார் என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். வேலூர் மணிக்கூண்டில் இருக்கும் கல்லில், முதல் உலகப்போருக்கு இங்கிருந்து 277 ஆண்கள் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று பொறித்திருக்கிறது. ஆண்களுக்குக் கல் இருக்கிறது, பென்ஷன் புத்தகம் இருக்கிறது, கேன்டீன் கார்டு இருக்கிறது. பெண்களுக்கு டிரங்குப் பெட்டிதான். அதனால் தேடுகிற வழியும் வேறாகத்தான் இருக்கும்.

எந்தப் படை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"யுத்தத்தில் வேலை பார்த்தாங்க" என்று வீட்டில் சொன்னால் அது நான்கைந்து விஷயங்களில் ஒன்றாக இருக்கலாம். எது என்று தெரியாமல் இறங்கினால் தவறான கதவைத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரர் கையில் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது, மெட்ராஸ் பட்டணமே காலியாகி ஜனங்கள் உள்ளூர்ப் பக்கம் ஓடி வந்தார்கள். அந்த வருடம்தான் அரசாங்கம் 'விமன்ஸ் ஆக்ஸிலரி கார்ப்ஸ் (இந்தியா)' என்ற பெண்கள் துணைப்படையைத் தொடங்கியது. டெலிபோன் போர்டு, டைப்ரைட்டிங், சங்கேதச் செய்திகளைப் பிரித்து எழுதுவது, கணக்கு, ஸ்டோர், வண்டி ஓட்டுவது என்று ஆண்கள் பார்த்த வேலையைப் பெண்கள் எடுத்துக்கொண்டால் அந்த ஆண்களைப் போர்முனைக்கு அனுப்பலாம் என்பது கணக்கு. அதிகபட்சமாக 11,500 பேர் வரை அதில் இருந்திருக்கிறார்கள். 1944இல் அதன் கடற்படைப் பிரிவு தனிப்பெயர் பெற்றது. அந்தப் பிரிவின் அதிகாரி கல்யாணி சென் 1945இல் பிரிட்டனுக்கே போய் வந்தார். புடவை கட்டிக்கொண்டு அவர் நிற்கும் படங்களை லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். உங்கள் வீட்டுப் படத்தில் உள்ள உடுப்பை ஒப்பிட அது உதவும்.

இந்தப் படையில் ஆங்கிலோ இந்தியப் பெண்கள் நிறையப் பேர். அரக்கோணம், ஜோலார்பேட்டை ரயில்வே காலனிகளோடு உங்கள் குடும்பத்துக்குத் தொடர்பு இருந்தால் இங்கேதான் முதலில் பாருங்கள். அரக்கோணத்தில் இப்போது கடற்படை வைத்திருக்கும் ராஜாளி விமானதளமே யுத்தகாலத்து ஓடுதளம்தான்.

இரண்டாவது, நர்ஸ் வேலை. ராணுவ நர்சிங் சர்வீஸ் 1926லிருந்தே இருந்தது. யுத்தம் வந்ததும் ஆள் போதாமல், குறைந்த காலம் பயிற்சி கொடுத்து ஆக்ஸிலரி நர்சிங் சர்வீஸ் என்று தனியாகச் சேர்த்தார்கள். வேலூர், ராணிப்பேட்டை மிஷன் ஆஸ்பத்திரிகளில் நர்சிங் படித்த பெண்கள் அந்தக் காலத்திலேயே நம் ஊரில் இருந்தார்கள். ஆனால் "பாட்டி நர்ஸ், அதனால் மிலிட்டரி நர்ஸ்" என்று தாவிவிடாதீர்கள். படித்த இடம் வேறு, சேவை செய்த இடம் வேறு.

மூன்றாவது, ஜான்சி ராணிப் படை. வட ஆர்க்காட்டிலிருந்து மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன குடும்பங்கள் அநேகம். நேதாஜி 1943 ஜூலையில் பெண்கள் படையை அறிவித்து, அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தபோது, அதில் சேர்ந்தவர்களில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஏராளம். பலர் அதற்கு முன் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. தலைமை தாங்கியவர் மெட்ராஸில் டாக்டருக்குப் படித்த லட்சுமி சுவாமிநாதன். இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. அவருடைய தாயார் அம்மு சுவாமிநாதன் வெள்ளையனே வெளியேறு போராட்டத்துக்காக 1942இல் அடைக்கப்பட்டது வேலூர் சிறையில்தான்.

இது போக, நகரங்களில் ஏ.ஆர்.பி. எனப்பட்ட வான்தாக்குதல் பாதுகாப்பு வேலை, செஞ்சிலுவைச் சங்க வேலை என்று உடுப்பு போட்டும் போடாமலும் உழைத்தவர்கள் உண்டு. அவர்களுக்குப் படைப் பதிவேடு இருக்காது. பழைய செய்தித்தாளும் சங்கத்து அறிக்கையும்தான்.

பெரியவர்களிடம் கேட்கும் விதம்

இதுதான் ரொம்ப முக்கியம். நான் இங்கேதான் ஒரு வருடத்தை வீணடித்தேன்.

அம்மாவிடம் போய், "பெரியம்மா மிலிட்டரியில் இருந்தாங்களா?" என்று நேராகக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, அக்கா பெங்களூர்ல ஆபீஸ் வேலைல இருந்தா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அம்மா பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதற்கு வைத்திருந்த பெயரே 'ஆபீஸ் வேலை'. கல்யாணம் ஆகாத பெண் பட்டாளத்துக்காரர்கள் நடுவில் தங்கி வேலை பார்த்தாள் என்று ஊரில் சொல்ல முடியாத காலம். 1947க்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. காந்தியும் நேருவும் சிறையில் இருந்த நாளில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சம்பளம் வாங்கினாள் என்ற பேச்சு. இரண்டும் சேர்ந்து வாயைக் கட்டிவிட்டன. எனக்கு இதைச் சொல்ல எந்தத் தயக்கமும் இல்லை: தகப்பன் இல்லாத வீட்டில் நான்கு தங்கைகளுக்குச் சோறு போட்ட சம்பளம் அது. அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

ஆகவே 'பட்டாளம்', 'மிலிட்டரி' என்ற சொல்லை எடுக்காமல் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் எந்த ஊரில் இருந்தாங்க? அங்கே யாரோடு தங்கினாங்க? மணியார்டர் எந்த ஊரிலிருந்து வரும்? லீவுக்கு வந்தால் எத்தனை நாள் இருப்பாங்க? எந்த ரயிலில் வருவாங்க? என்ன வாங்கிட்டு வருவாங்க? சின்னச் சின்னக் கேள்விகளுக்குத்தான் பழைய ஞாபகம் அசையும்.

இப்படிக் கேட்டபோதுதான், அப்போது 86 வயதான என் கடைசிச் சித்தி ஒரு நாள் மத்தியானம் முறுக்கு பிழிந்துகொண்டே சொன்னார்: "காட்பாடி ஸ்டேஷன்ல இறங்கி, வெயிட்டிங் ரூம்ல போய் காக்கிப் புடவைய மாத்திக்கிட்டு, பூப்போட்ட புடவை கட்டிக்கிட்டுத்தான் அக்கா சேர்க்காட்டுக்கு வண்டி ஏறும். நான்தான் அந்தக் காக்கிப் புடவைய மடிச்சுப் பையில வைப்பேன். மொடமொடன்னு கஞ்சி போட்டிருக்கும், மடிப்பு கலைஞ்சா அக்கா திட்டும்." அறுபது வருடத்துக்கு மேலாக அந்த விரல்களில் அந்தக் கஞ்சி இருந்திருக்கிறது. யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஒரே தடவையில் எல்லாவற்றையும் கேட்டுவிடாதீர்கள். முக்கால் மணி நேரம் போதும். போனில் பதிவு செய்தால் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்குங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயர், அவருக்கு என்ன உறவு என்பதை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். "வேண்டாம், இதை எழுதாதே" என்று அவர் சொன்னால் எழுதாதீர்கள்.

பெட்டியைத் திறக்கும்போது

முதலில் எதையும் துடைக்காதீர்கள். மெடல் கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்கிற கை நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலையும், மறுபக்கம் இரட்டைத் தலை டிராகன் மேல் நிற்கும் சிங்கமும் இருந்தால் அது 1939–45 வார் மெடல். இந்திய வரைபடம் இருந்தால் இந்தியா சர்வீஸ் மெடல். போர்முனைக்குப் போகாமல் இந்தியாவுக்குள்ளேயே மூன்று வருடம் சேவை செய்தவர்களுக்குக் கொடுத்தது அது. மெடலின் விளிம்பைச் சுற்றிலும் பாருங்கள், எண்ணோ பெயரோ பொறித்திருக்கலாம். தேய்த்தால் போய்விடுவது அதுதான்.

அடுத்தது லேமினேஷன். பெரியம்மாவின் டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் என் தம்பி அதைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டான். சூட்டில் ஊதா முத்திரை மை பரவி, எந்த யூனிட் என்று எழுதியிருந்த வரி முழுவதும் கறையாகிவிட்டது. அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் மூன்று வருட அலைச்சலில் இரண்டு மிச்சமாகியிருக்கும். இப்போதும் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. பழைய காகிதத்தை மடிப்பு நீக்கி, வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, காகிதக் கவரில் போட்டு, ஈரம் ஏறாத அலமாரியில் வையுங்கள். அவ்வளவுதான்.

மங்கிய எழுத்தைப் படிக்க ஒரு வழி: அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் காகிதத்துக்குப் பக்கவாட்டில் படுக்கை வாட்டமாகப் பிடித்துப் போட்டோ எடுங்கள். பேனா அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். எங்கள் படத்தின் பின்புறம் "பெங்களூர்" என்று பென்சிலில் எழுதியிருந்தது இப்படித்தான் தெரிந்தது. கடித உறைகளையும் எறியாதீர்கள். தணிக்கை முத்திரையும் தேதியும் அஞ்சலகப் பெயரும் கடிதத்தை விட அதிகம் சொல்லும்.

வெளியே தேடும்போது

பெயரில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். யுத்தகாலத்தில் கல்யாணம் ஆகாதவர் என்றால், நீங்கள் அறிந்த பெயரில் ஒரு தாள் கூட இருக்காது. தகப்பனார் பெயர், ஞானஸ்நானப் பெயர், பள்ளியில் கொடுத்த பெயர் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதுவார்கள். 'ஞானம்' என்பது 'ஜி' எழுத்திலும் தொடங்கும், 'என்' எழுத்திலும் தொடங்கும். ஊருக்கும் இதே கதைதான். 'வேலூர் மாவட்டம்' என்று தேடினால் ஒன்றும் வராது. அன்றைக்கு இது வட ஆர்க்காடு. 1989இல் பிரிந்து, அப்புறம் வேலூர் மாவட்டம் என்று பெயராகி, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பம் என்றாலும் வட ஆர்க்காடு என்றே தேட வேண்டும். அரக்கோணத்தை வெள்ளைக்காரர் உச்சரிப்புப்படி 'ஆர்க்கோணம்' என்று எழுதியிருப்பார்கள்.

கிறிஸ்தவக் குடும்பமானால் சபைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். திருமணப் பதிவில் மணமகளின் தொழில், தகப்பனார் பெயர், குடியிருப்பு எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. எனக்குத் தகப்பனார் பெயரின் சரியான எழுத்து அங்கேதான் கிடைத்தது. மற்றவர்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்கலாம்.

பிறகு அலுவலகங்கள். ஓர் அலுவலகத்தில் என்னிடம், "அந்தக் காலத்துல மிலிட்டரியில லேடீஸே கிடையாதும்மா, ஆஸ்பத்திரி நர்ஸா இருந்திருப்பாங்க" என்று படத்தைப் பார்க்காமலேயே சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்படி யார் சொன்னாலும் மனம் தளராதீர்கள். வாக்குவாதமும் வேண்டாம். எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மத்திய அரசு அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். "என் பெரியம்மாவைப் பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்டால் "இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "1942 முதல் 1947 வரையிலான பெண்கள் துணைப்படைப் பணிப்பதிவேடுகள் இப்போது எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளன?" என்று கேளுங்கள். ஒரு மனுவுக்கு ஒரு விஷயம்.

டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் 'அபிலேக் படல்' என்ற இணையதளத்தில் பழைய கோப்புகளின் பட்டியலை வைத்திருக்கிறது. பெயரைப் பதிந்துகொண்டு வீட்டிலிருந்தே தேடலாம். தனி மனுஷி பெயரில் கிடைப்பது அரிது. படையின் பெயரைப் போட்டுத் தேடினால் சம்பளம், உடுப்பு, தங்குமிடம் பற்றிய அரசாங்கக் கோப்புகள் வரும். அவை உங்கள் பாட்டியின் பெயரைச் சொல்லாது, அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைச் சொல்லும். சென்னையில் எழும்பூர் ஆவணக் காப்பகமும், பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் உண்டு. ஆள் சேர்ப்பு விளம்பரங்களை அந்த வருடத்துப் பத்திரிகைகளில் தேடலாம்.

சேவையில் இருக்கும்போதே இறந்துபோனவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். தென்னிந்தியாவில் பல ஊர்க் கல்லறைகளிலிருந்து எடுத்து வந்தவர்களை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் வைத்திருக்கிறார்கள். அது 1952இல் அமைத்தது.

ஜான்சி ராணிப் படை என்றால் வழி வேறு. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் இருக்கின்றன. கொல்கத்தாவில் நேதாஜி ஆய்வகம் இருக்கிறது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இருந்தவர்களுக்குத் தியாகி பென்ஷன் கிடைத்தது. அதனால் வீட்டில் பழைய பென்ஷன் மனுவின் நகல் இருக்கிறதா என்று பாருங்கள். சாட்சிகளாக யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பார்த்தால் அவரோடு இருந்த மற்ற பெண்கள் பெயர் கிடைக்கலாம்.

எழுதி வைப்பது

கிடைத்தது எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். காகிதத்தில் பார்த்ததை ஒரு பத்தியிலும், யாரோ சொன்னதை அவர் பெயரோடு இன்னொரு பத்தியிலும் வையுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். காக்கிப் புடவை படத்தில் இருக்கிறது. காட்பாடி வெயிட்டிங் ரூம் சித்தி சொன்னது. இரண்டுமே எனக்கு உண்மைதான், ஆனால் என் பேத்திக்கு எது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். நகல் எடுத்துக் குறைந்தது மூன்று வீடுகளில் கொடுத்து வையுங்கள்.

பெரியம்மாவின் படத்துக்குப் பின்னால் மெல்லிய பென்சிலால் எழுதியிருக்கிறேன்: "பெங்களூர். 1943–1946. டெலிபோன் ஆபரேட்டர். இடமிருந்து மூன்றாவது." அதற்குக் கீழே ஐந்து வரி காலியாக விட்டிருக்கிறேன், மற்ற ஐந்து பேருக்காக. படத்தில் பின்னால் மூங்கில் தட்டி, இடது ஓரத்தில் ஒரு சைக்கிளின் முன்சக்கரம். வலது கோடியில் நிற்கும் பெண் கண்ணாடி போட்டிருக்கிறார், சிரித்ததில் முகம் கொஞ்சம் அசைந்து மங்கியிருக்கிறது. இதே படம் உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருந்தால், பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.